ஹைக்யூ 45 தொகுதிகள்: ஒரு பழைய செட்டரின் பார்வை

2022 மார்ச் கடைசியில், 13 மணித்தியால மின்வெட்டு நடந்த நாட்களில்தான் ஹைக்யூ என்ற கரப்பந்தாட்ட மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, நான் ஒழுங்காக வாசித்தேன். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே அதன் கார்ட்டூன் வடிவமான அனிமேயைப் பார்த்து முடித்திருந்தேன். கதை தெரியும். யார் வெல்வார்கள், யார் அழுதுகொண்டு பஸ் ஏறுவார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் வெள்ளவத்தையில் அண்ணா வீட்டு மூன்றாம் மாடிப் பல்கனியில், சார்ஜ் லாம்பைப் பக்கத்துக் கதிரையில் வைத்துக்கொண்டு தொடக்கத் தொகுதிகளைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

காகெயாமா ஒரு செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவன். பந்தை எடுத்துக் கொடுக்கிறான். பந்து சரியான இடத்துக்குத்தான் போகிறது. அங்கே அடிக்க ஒருவரும் இல்லை. அவனுடைய அணிக்காரர்களே அவனுடைய அதட்டல் பொறுக்காமல், பாய வேண்டிய நேரத்தில் பாயாமல் நிற்கிறார்கள். பந்து கீழே விழுகிறது.

செட்டராக விளையாடிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இதைவிடப் பெரிய பயம் எங்களுக்கு இல்லை. திரையில் அந்தக் காட்சி சில விநாடிகளில் போய்விட்டது. தாளில் அது போகவில்லை. நான் விட்டால்தான் அது போகும்.

நான் கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஏழு வருடம் கரப்பந்தாட்டம் விளையாடினேன். அதில் நான்கு வருடம் செட்டர். சீமெந்துத் தரை, மழை வந்தால் வழுக்கும். இரண்டு முழங்காலிலும் தழும்பு இன்னும் இருக்கிறது. கோட்ட மட்டம், வலய மட்டம் தாண்டி மாகாண மட்டம் வரை ஒரு தடவை போனோம். இலங்கையின் தேசிய விளையாட்டு 1991 முதல் கரப்பந்தாட்டம்தான் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கும், பரீட்சைக்கும் வரும். ஆனால் கிரிக்கெட் மட்டை வாங்கித் தரும் வீடுகள் ஒரு கரப்பந்து வாங்கித் தருவதில்லை. 1916 இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக நாட்டுக்குள் வந்த ஆட்டம் இது. ஊரில் கோயில் வெளியிலும் கடற்கரையிலும் இரண்டு கம்பம் நட்டு மாலையானால் ஆடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ‘ஓவர்’ என்றே தனிக் கரப்பந்தாட்ட வகை ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிற கூட்டத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை இருந்தும் இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு கதை வாசிக்க எனக்கு ஜப்பானிலிருந்து புத்தகம் வர வேண்டியிருந்தது.

என்னை இதற்குள் இழுத்தது அண்ணாவின் மகன். 2020 ஊரடங்கில் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில். அவனுக்கு அப்போது 11 வயது. ஒரு மத்தியானம் லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, “மாமி, நீங்க செட்டர்தானே? இவன் செய்யிறது உண்மையா செய்யலாமா?” என்று கேட்டான். ஹினாதா கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து அடிக்கிற முதல் ‘குயிக்’, அதாவது அதிவேக அடி, அது. செய்ய முடியாது என்று சொன்னேன். பிறகு முதல் அத்தியாயத்திலிருந்து போடச் சொன்னேன். அன்றிரவு இரண்டு மணிவரை பார்த்தோம்.

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான். ஹினாதா ஷோயோ, உயரம் 163 சென்டிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. ஆண்களுக்கான சர்வதேச வலை 2.43 மீற்றர். மியாகி மாகாணத்தின் கராசுனோ உயர்நிலைப் பள்ளியில் சேர்கிறான். முன்பு தன்னைத் தோற்கடித்த காகெயாமாவும் அதே பள்ளிக்கு வந்திருக்கிறான். கொடுக்கத் தெரிந்தவனுக்கு அடிக்க ஆளில்லை; அடிக்கத் துடிப்பவனுக்குக் கொடுக்க ஆளில்லை. மிச்சம் 45 தொகுதிகள். ஃபுருடாடே ஹருயிச்சி எழுதி வரைந்தது, 2012 தொடக்கம் முதல் 2020 ஜூலை வரை வாராந்த ஷோனென் ஜம்ப் இதழில் 402 அத்தியாயங்களாக வந்தது. இவர் பள்ளி நாட்களில் கரப்பந்தாட்டம் விளையாடியவர், நடு வலையில் தடுக்கும் ஆட்டக்காரர். அது தெரியாமலே எனக்கு விளங்கியது. புளொக்குக்கு, அதாவது அடியை வலையில் தடுக்க, எழும்பும் கைகளை எந்தக் கோணத்தில் பார்த்தால் பயம் வரும் என்று வலைக்குக் கீழே நின்றவருக்குத்தான் தெரியும்.

நான் வாங்குவது விஸ் நிறுவனத்தின் ஆங்கிலப் பதிப்பு. கைக்கு அடக்கமான அளவு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 பக்கம், மினுமினுக்கும் மெல்லிய அட்டை. ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும். அப்பா முதலாவது புத்தகத்தைக் கையில் எடுத்து, தலைகீழாகக் கட்டிவிட்டார்கள், கொண்டுபோய் மாற்று என்றார். பத்துப் பக்கத்தில் பழகிவிடும். மொழிபெயர்ப்பு இயல்பாக இருக்கிறது. பையன்களின் கேலிப் பேச்சு பையன்களின் பேச்சாகவே கேட்கிறது.

தாள்தான் குறை. பத்திரிகைத் தாளைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். மரீன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உப்புக்காற்று எதையும் விடாது. நான் முதலில் வாங்கிய ஆறு தொகுதிகளும் ஓரம் பழுத்துவிட்டன. கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி, இடையில் காய்ந்த வேப்பிலை, மாதம் ஒரு தடவை வெயில் படாத காற்றில் விரித்து வைப்பது, இவ்வளவும் செய்கிறேன்.

விலை பற்றி நேராகச் சொல்கிறேன். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது, மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. முதலாவது தொகுதியை வாங்கிய காசுக்கு அந்த வருடக் கடைசியில் ஏறத்தாழ அரைத் தொகுதிதான் வரும். அதனால் 17இல் நின்றேன். கதையில் மிகப் பெரிய ஆட்டம் அங்கேதான் சூடுபிடிக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். இடையில் ஒரு பழைய புத்தகக் கடையில் 19 கிடைத்தது, விலையும் மலிவு. வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவில் எட்டுத் தாள் இல்லை. கடைக்காரர் மாற்றித் தரவில்லை, வேறு பிரதி இல்லை என்றார். பழைய புத்தகம் வாங்குவதென்றால் தயவுசெய்து கடையிலேயே நின்று பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்காகக் காசு சேர்த்து வைப்பதுதான் இப்போது என் வழி.

அந்தப் பெரிய ஆட்டம் கராசுனோவும் ஷிராதொரிசாவாவும் மோதுவது. ஐந்து செட். மங்காவில் நான்கு தொகுதிக்கு மேல் ஓடுகிறது. 2016 இல் வந்த அனிமேயின் மூன்றாம் பருவம் முழுவதும், பத்து அத்தியாயங்களும், இந்த ஒரே ஆட்டம்தான். எதிரணியில் உஷிஜிமா, இடக்கையால் அடிப்பவன். இடக்கை அடி எவ்வளவு தொல்லை என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். பந்து எதிர்ப்பக்கம் சுழன்று வரும், எடுக்கப் போன கை சற்றுத் தள்ளித்தான் இருக்கும். அதை இந்தத் தொடர் அவசரப்படாமல் சொல்லிக் கொடுக்கிறது. எடுக்க முடியாமல் திணறி, இரண்டு மூன்று தடவை சுழல் பழகி, பிறகு லிபரோவான, அதாவது பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே நிற்கும் நிஷினோயா அதை எடுக்கும்போது எனக்குக் கை தானாக முன்னால் நீண்டது.

அதே ஆட்டத்தில் சுகிஷிமா போடுகிற ஒரு புளொக் இருக்கிறது. அதை எழுதாமல் போக முடியாது. அணியில் மிக உயரமானவன், ஆனால் ‘இது வெறும் பாடசாலைக் கழகம்தானே’ என்று மனதை வைக்காமல் ஆடுபவன். அதற்குக் காரணம் அவனுடைய அண்ணா. அண்ணா இதே கராசுனோவில் இருந்தபோது, நான்தான் அணியில் முக்கிய ஆள் என்று தம்பியிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி ஒருநாள் ஆட்டம் பார்க்கப் போகிறான். அண்ணா களத்தில் இல்லை, மேலே கத்தி உற்சாகப்படுத்தும் கூட்டத்தில் நிற்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிடுகிறார்கள். அதிலிருந்து இந்தப் பிள்ளை எதற்கும் முழுமனதாக முயற்சி செய்வதில்லை. அப்படிப்பட்டவன் ஐந்து செட் நீளும் ஓர் ஆட்டத்தில் பொறுமையாக வலை விரித்து, உஷிஜிமாவின் ஓர் அடியைத் தடுத்து விழுத்துகிறான். ஒரே ஒரு புள்ளி. அவன் கையை இறுக்கிப் பொத்திக் கத்துகிற அந்தப் படத்தை நான் எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமானவன் சுகாவாரா. இரண்டாம் இலக்கச் சட்டை, இறுதி வருடம், செட்டர். முதல் வருடப் பையனாக காகெயாமா வந்தவுடன் அவனுடைய இடம் போய்விடுகிறது. பயிற்றுநர் உக்காய் யாரை இறக்குவது என்று தடுமாறும்போது, சுகாவாராவே போய், வெல்லக்கூடியவனை இறக்குங்கள் என்கிறான். அணி வென்றால்தான் அடுத்த ஆட்டம் உண்டு, அடுத்த ஆட்டம் இருந்தால்தான் தனக்கும் ஏதோ ஒரு நிமிடம் கிடைக்கும்.

உயர்தரம் முதல் வருடத்தில் எனக்கும் இது நடந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். அவளுடைய விரலில் பந்து சத்தமே போடாது. மிஸ் என்னைக் கூப்பிட்டு, அடுத்த ஆட்டத்தில் இருந்து அவள் ஆடட்டும் என்றார். நான் சுகாவாரா மாதிரி நடந்துகொள்ளவில்லை. இரண்டு கிழமை பயிற்சிக்கே போகவில்லை, அவளோடு பேசவும் இல்லை. அப்போது எனக்கு 17 வயது. எனக்குப் பிறகு வந்தவளுக்கு நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது இத்தனை வருடம் உள்ளே இருந்தது. இந்தப் பக்கங்களை வாசித்தபோதுதான் அது வெளியே வந்தது. சுகாவாரா வெளியே உட்கார்ந்திருந்தபடியே ஆட்டத்தைப் படிக்கிறான், கைச்சைகை உருவாக்குகிறான், உள்ளே போகக் கிடைக்கும் சில நிமிடங்களில் அணியின் மூச்சையே மாற்றிவிடுகிறான். இப்படி ஒருவன் கதையில் இருந்திருக்கிறான் என்று அந்த வயதில் எனக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தோற்பவர்களை மரியாதையோடு நடத்துவதுதான் இந்தத் தொடரில் நான் மற்ற எதையும்விட மதிப்பது. முதல் சுற்றிலேயே கராசுனோவிடம் தோற்கும் தொகொனாமி என்ற சின்ன அணி இருக்கிறது. அதன் ஆட்டக்காரன் இகெஜிரி, கராசுனோத் தலைவன் தாய்ச்சியின் பழைய நண்பன். தோற்ற பிறகு, எங்களுக்கும் சேர்த்து வென்றுவா என்று அவனிடம் சொல்கிறான். அதே நாளில் கராசுனோவின் பெண்கள் அணியும் தோற்றுப்போகிறது. பெரிய ஆட்டங்களுக்கு நடுவே அவர்களுக்கும் ஃபுருடாடே பக்கம் ஒதுக்கியிருக்கிறார். நாங்கள் மாகாண மட்டத்தில் தோற்றது முதல் ஆட்டத்தில். இரண்டு செட், முக்கால் மணித்தியாலம், பிறகு வான் ஏறி வீடு. எங்கள் ஆட்டத்துக்கும் ஒரு பக்கம் எழுதிவிட்டார்கள் போல இருந்தது.

அனிமேயா மங்காவா என்று கேட்டால், முதல் மூன்று பருவங்களைத் தயங்காமல் பாருங்கள். புரொடக்ஷன் ஐ.ஜி. செய்தது. சப்பாத்து தரையில் கிறீச்சிடுவது, கைப்பட்டையில் பந்து மோதும் ‘தொம்’, இதெல்லாம் புத்தகம் தராது. கேட்டவுடன் சுகததாச உள்ளரங்கின் மேல் வரிசையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். 2020 இல் வந்த நான்காம் பருவத்தில் இயக்குநர் மாறினார், கோடுகளும் மாறின. வேகமான இடங்களில் உடல்கள் கனம் இழந்து தெரிந்தன. அந்தப் பகுதியை நான் புத்தகத்தில்தான் வாசிக்கச் சொல்வேன். கராசுனோ நெகோமா என்ற பள்ளி அணியோடு மோதும் ஆட்டம் 2024 இல் ஜப்பானில் திரைப்படமாக வெளிவந்தது, 85 நிமிடம். மங்காவில் முப்பது அத்தியாயங்களுக்கு மேல் வருவதை அதற்குள் அடைத்ததால் பின்கதைகள் பல போய்விட்டன, எனக்கு அது கவலைதான். ஆனால் கடைசிப் புள்ளிக்கான ஆட்டத்தை நெகோமாவின் செட்டர் கென்மாவின் கண்ணாலேயே காட்டுகிறார்கள். மூச்சு வாங்குவது, பந்து எங்கே என்று தேடுவது, கொடுத்துவிட்டு உடனே திரும்புவது. செட்டர் ஒருத்தியை எழுப்பி உட்கார வைக்க அது போதும்.

கூடைப்பந்தாட்டக்காரர்கள் ஸ்லாம் டங்க்தான் பெரியது என்பார்கள். இனோவே தகெஹிகோவின் அந்த 31 தொகுதிகளை நானும் இரவல் வாங்கி வாசித்தேன். வரைவது என்று வந்தால் அவரோடு போட்டியில்லை, ஒத்துக்கொள்கிறேன். மருமகன் இப்போது உதைபந்தாட்டம், புளூ லொக் பக்கம். 300 முன்வரிசை ஆட்டக்காரர்களை அடைத்துவைத்து ஒரே ஒரு சுயநலக்காரனைத் தேடுகிற கதை. நல்ல வேகம், ஆனால் பந்தைக் கொடுப்பவளுக்கு அதில் எங்கே இடம்? நாங்கள் இதைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் சண்டை பிடிப்பது உண்டு.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் இரண்டு தொகுதிகளோடு நிறுத்திவிடாதீர்கள். அவற்றில் கோடு இன்னும் பழகவில்லை, பகிடி கொஞ்சம் கூடுதல். ஐந்து வரை வாங்க முடியாவிட்டால் என்னிடம் இரவல் கேளுங்கள். கையைத் துடைத்துவிட்டு வாசிப்பீர்கள் என்றால் தருவேன். பாடசாலையில் கரப்பந்தாட்டம் ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால், பிறந்தநாளுக்கு முதலாவது தொகுதியும் ஒரு பந்தும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.

என் அலுமாரியில் இப்போது 43 இருக்கின்றன. 19க்குப் பக்கம் கிழியாத ஒரு பிரதியும், 38உம், 41உம் தேடுகிறேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை எங்கே இருந்தாலும் வந்து எடுத்துக்கொள்வேன்.