கொழுந்துக் கணக்குத் திரைக்கு எது: வெறும் எஸ்கேப் குறியீடா, என்கர்சஸா?

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து நிறுவைக்கு ஒரு சின்னத் திரை எழுதினேன். பழைய மடிக்கணினி, லினக்ஸ், எழுத்துகளை மட்டும் காட்டும் கறுப்பு டெர்மினல். செக்ரோல் நம்பர் (தொழிலாளியின் பதிவேட்டு எண்), பெயர், கிலோ, அவ்வளவுதான்.

முதலில் ஆன்சி எஸ்கேப் குறியீடுகளால், அதாவது டெர்மினலுக்குக் கட்டளையாகும் எழுத்துக் கோவைகளால், செய்தேன். 1978இல் வந்த விடி100 டெர்மினல் பரவலாக்கிய வழி அது. எஸ்கேப் எழுத்து, சதுர அடைப்பு, வரிசை எண், அரைப்புள்ளி, நெடுவரிசை எண், கடைசியில் பெரிய எச். கர்சர் அங்கே போய் நிற்கும். நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) எதுவும் வேண்டாம். நிறம் காட்டவும் ஒரு வரியை அழித்து எழுதவும் இது தாராளம். விசைப்பலகை வந்ததும்தான் வம்பு. ஓர் அம்புக்குறி விசைக்கு மூன்று பைட் வரும், அதை நாமே பிரித்தறிய வேண்டும்.

என்கர்சஸ் என்பது டெர்மினல் திரைக்கான நூலகம்; அந்தத் தலைவலியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு: திரையின் நகலை நினைவகத்தில் வைத்து, மாறிய எழுத்துகளை மட்டும் அனுப்பும். அடைமழையில் சிக்னல் இழுக்கும் நாளில் ஹட்டனிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் முறை) வழியாகத் திறந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் புரோகிராம் பாதியில் செத்தால் டெர்மினல் குழம்பி, தட்டுவதே தெரியாது. ‘ரீசெட்’ என்று குருட்டாம்போக்கில் தட்ட வேண்டியதுதான்.

சரி, தமிழ்ப் பெயர்கள்? இரண்டிலும் சிக்கல். ‘கொ’வுக்குத் திரையில் எத்தனை எழுத்துக் கட்டம் என்பதில் டெர்மினலும் புரோகிராமும் முரண்பட்டால் வரிசை கோணும். என்கர்சஸோடுதான் இருக்கிறேன், பெயரை மட்டும் வரியின் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.