சிங்கவால் குரங்கும் 85 மி.மீ. லென்ஸும்: நான்கு ஆண்டு அனுபவம்

வால்பாறை புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகளைப் பார்க்கக் காட்டுக்குள் போகவேண்டியதில்லை. சாலையோரத்துக்கே வந்துவிடும். வெளிச்சம்தான் வராது. ஜூலை மழைமூட்டம், பலாமர நிழல், அதில் கரிய ரோமம் கொண்ட விலங்கு. என் 55-250 மி.மீ. ஜூம் லென்ஸை முழுக்க நீட்டினால் ஒளி நுழையும் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 6400 வைத்தும் ஷட்டர் திறந்து மூடும் நேரம் 1/50 நொடியில் நின்றது. லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருந்தது. அது என் கையை நிறுத்தியதே தவிர, குரங்கை நிறுத்தவில்லை. பாசி படிந்த கிளை அத்தனை துல்லியம், அதன்மேல் இருந்த முகம் வெறும் புகை.

70-200 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸ் வாங்கலாம் என்பார்கள். விலை லட்சத்தைத் தாண்டும், எடை ஒன்றரைக் கிலோ. நான் கேனான் 85 மி.மீ. எஃப் 1.8 யுஎஸ்எம் லென்ஸைப் பழையதாக 17,000 ரூபாய்க்கு வாங்கினேன். 1992-இல் வந்த வடிவமைப்பு, 425 கிராம். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, விடையை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட 10. பத்து மடங்கு ஒளி. அதே மரநிழலில், அதே ஐஎஸ்ஓவில், 1/50 என்பது 1/500 ஆகிவிடுகிறது. வாயில் பலாச்சுளையோடு தாவும் குட்டிக்கு அது போதும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கைபேசி விளக்கை ஒருபுறம் பிடித்து மறுபுறம் பாருங்கள். முதலில் போன கடையில் ‘புதுசு மாதிரி’ என்று நீட்டிய லென்ஸுக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது.

எனக்குப் பிடிபட ஓராண்டு எடுத்த விஷயம் ஒன்று உண்டு. கறுப்பு விலங்கைக் கண்டால் கேமராவின் ஒளிமானி ஏமாந்துபோகும். அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்த்து ஷட்டரை மெதுவாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியை, ஒரு படி (பாதியாக) குறைத்து வைத்தால் கறுப்பு கறுப்பாகவே வரும், ஷட்டர் வேகமும் இரட்டிப்பாகும். காசில்லாமல் கிடைக்கும் இன்னொரு லென்ஸ் அது! ஃபோகஸும் கரிய முகத்தில் பிடி கிடைக்காமல் அலையும். என் கேனான் 200டி கேமராவின் நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுற்றிய நரைத்த பிடரி கறுப்பைத் தொடும் இடத்தில் வைப்பேன். சட்டென்று பற்றிக்கொள்ளும்.

முழுத்திறப்புக்கு ஒரு விலை உண்டு. வீட்டு நாயை இரண்டு மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ நான்கு செ.மீ.தான், கண் கிடைத்தால் மூக்கு போய்விடும். குரங்கு நான்கு மீட்டரில் இருக்கும்போது இந்தத் தொல்லை குறைவு. வெளிறிய வானத்துக்கு எதிரே ரோமத்தின் ஓரத்தில் ஊதா நிறம் கசியும். இந்த லென்ஸுக்கு அது பழைய, ஊரறிந்த குணம். துளையைச் சுருக்கி எஃப் 2.8-க்கு இறக்கினால் பெரிதும் அடங்கும். ஆனால் அந்த நிழலில் 2.8-க்கு இறங்க எனக்கு மனம் வருவதில்லை. ஊதாவை வீட்டுக்கு வந்து கணினியில் துடைத்துக்கொள்கிறேன்.

தூரத்து விலங்குக்கு இது ஆகாது. பதினைந்து மீட்டருக்கு அப்பால் குரங்கு படத்தில் ஒரு கறுப்புப் புள்ளிதான். கிட்டே இழுக்கச் சிப்ஸ் வீசுகிறவர்களை அங்கே பார்க்கிறேன். சாலையில் அடிபட்டுச் சாவதற்கு அதைவிட நல்ல பயிற்சி கொடுக்க முடியாது. சாலையோரக் கம்பிக்கு இப்புறமே நின்று காத்திருந்தால் போதும், அவையாகவே வரும்.

மழைநீர் புகாமல் தடுக்கும் காப்பு எதுவும் இதில் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு ரப்பர் பேண்டு, குடை, அட்டைப்பூச்சிக்கு உப்பு, இவ்வளவே என் ஏற்பாடு. ஊர் திரும்பியதும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டுவிடுவேன். இதுவரை பூஞ்சை எட்டிப் பார்க்கவில்லை.

பழைய ஜூமை விற்கவில்லை. காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி, மர உச்சியில் மலையணில் வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும்போது பையிலிருந்து அதுதான் வெளியே வருகிறது.