கால் குளிசையா, தூள் சரையா, பாணிப் போத்தலா?

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அந்தத் தாயின் கையில் ஒரு மருந்துத் துண்டும் ஒரு சவர அலகும் இருந்தன. எட்டு மாதப் பிள்ளை, இதய நோய், எடை 6 கிலோ. துண்டில் எழுதியிருந்தது ஸ்பைரோனோலாக்டோன் 6 மில்லிகிராம், காலையில் ஒரு தடவை. கடையில் கிடைப்பதோ 25 மில்லிகிராம் குளிசை. "அக்கா, நாலாக வெட்டிப் பார்த்தேன். ஒரு துண்டு பெரிதாக வருகிறது, இன்னொன்று பொடிந்துபோகிறது. எதைக் கொடுப்பது?" என்று கேட்டார்.

மருந்துக் கலவை என்ற தொழில் உயிரோடு இருப்பதே இந்தக் கேள்விக்காகத்தான். பல மருந்துகள் வளர்ந்தவர்களின் அளவில்தான் செய்யப்படுகின்றன. அவற்றைச் சின்ன உடம்புக்கு ஏற்ற அளவாக்க, கொழும்பில் ஒரு குடும்பத்துக்கு நான்கைந்து வழிகள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல.

வெட்டுவதில் கணக்குப் பிழை இல்லை. 25ஐ நான்காக்கினால் 6.25, வைத்தியர் கேட்டதற்கு மிக அருகில். ஆனால் நடுவில் கோடு கூட இல்லாத சிறு குளிசை அலகுக்குக் கட்டுப்படாது. ஒரு நாள் 4 மில்லிகிராமும் மறுநாள் 8 மில்லிகிராமும் போய்ச் சேரலாம். இது உடலில் பொற்றாசியத்தைத் தேக்கும் மருந்து. பொற்றாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே குழம்பும்.

இடித்து நீரில் கலக்கும் வழியைப் பலர் இதைவிட நல்லதென்று நம்புகிறார்கள். ஒரு குளிசையை 10 மில்லிலீற்றர் நீரில் கலக்கி 2.4 மில்லிலீற்றர் எடுத்தால் 6 மில்லிகிராம் என்பது காகிதத்தில் சரி. நன்றாகக் கரையும் மருந்துக்கு, வைத்தியசாலையில் சொல்லிக் கொடுத்தபடி செய்தால் இது போதும். ஸ்பைரோனோலாக்டோன் நீரில் கரைவது அரிது. கலக்கியதும் அடியில் படியத் தொடங்கிவிடும். மேலிருந்து சிரிஞ்சில் இழுத்தால் பெரும்பாலும் வெறும் நீர்தான் வரும். அந்தத் தாய் எவ்வளவு கவனமாக அளந்தாலும் பயனில்லை. நீண்ட நேரம் மெதுவாக வேலை செய்யும் குளிசைகளையும், குடலில் கரைவதற்காக மேற்பூச்சு இட்டவற்றையும் வீட்டில் இடிக்கவே கூடாது.

தூள் சரைதான் எங்கள் தொழிலின் பழைய வழி. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். நான்கு குளிசைகளைப் பீங்கான் கல்வத்தில் மாவாக அரைத்தால் கையில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதனுடன் லக்டோஸ் என்ற பாற்சீனித் தூள் சேர்த்து மொத்த எடையை 4 கிராம் ஆக்க வேண்டும். எல்லா லக்டோஸையும் ஒரேயடியாகக் கொட்டினால் மருந்து ஓர் ஓரத்தில் ஒதுங்கிவிடும். கல்வத்தில் இருக்கும் தூளின் அளவுக்குச் சமமாக லக்டோஸ் போட்டுக் கலந்து, அந்தக் கலவையின் அளவுக்குச் சமமாக மறுபடி போட்டுக் கலக்க வேண்டும். அரைத்த தூளின் ஒவ்வொரு கூறும் எங்கும் சமமாகப் பரவ இதைவிட எளிய முறை இல்லை. பிறகு, மில்லிகிராம் காட்டும் தராசில் 240 மில்லிகிராம் வீதம் நிறுத்து மெழுகுத்தாளில் மடித்தால், ஒவ்வொரு சரையிலும் 6 மில்லிகிராம். பதினாறு சரை வரும். இரண்டு கிழமைக்குப் போக இரண்டு மிச்சம். தாய் அளக்க எதுவுமில்லை. சரையை ஒரு தேக்கரண்டிப் பாலில் கலந்து உடனே கொடுத்து, கரண்டியை அலசி அதையும் கொடுத்தால் போதும். முழுப் பால் போத்தலில் கலந்துவிடக் கூடாது. பிள்ளை பாதியில் தூங்கிவிட்டால் மருந்தும் பாதி போய்விடும்.

சரையின் எதிரி கொழும்பின் ஈரக்காற்று. மூடாத டப்பாவில் வைத்தால் தூள் கட்டியாகும். அமெரிக்க மருந்துநூல் இப்படியான உலர்ந்த கலவைகளுக்குப் பொதுவாக 180 நாள் வரை இடம் கொடுக்கிறது. கடற்காற்று வீசும் இந்த ஊரில் நான் ஒரு மாதத்துக்கு மேல் கொடுப்பதில்லை.

பாணி மருந்து, அதாவது மருந்தைத் திரவத்தில் மிதக்கவிட்ட போத்தல், வேறு வகையில் சிறந்தது. பத்துக் குளிசைகளை அரைத்து, சிறிது கிளிசரின் விட்டுக் கட்டியில்லாத பசையாக்கி, மருந்தைத் தாங்கிப் பிடிக்கும் பிசின் கலந்த திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அளவுக் குடுவையில் 50 மில்லிலீற்றருக்குக் கொண்டுவர வேண்டும். கல்வத்தை அலசிய திரவமும் குடுவைக்குள் போக வேண்டும். அங்கே ஒட்டியிருப்பதும் மருந்துதான். மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் என்பதால் நம் பிள்ளைக்கு 1.2 மில்லிலீற்றர். எடை 7 கிலோவாகி வைத்தியர் 7 மில்லிகிராம் எழுதினால், அதே போத்தலிலிருந்து 1.4 எடுத்தால் சரி. வளரும் பிள்ளைக்கு இந்த வசதியைச் சரை தராது.

ஆனால் திரவம் கெடும். பாதுகாப்புப் பொருள் சேர்க்காத, ஆயுள் சோதிக்கப்படாத நீர்க் கலவைக்கு அதே மருந்துநூல் தரும் எல்லை 14 நாள், அதுவும் குளிர்சாதனப்பெட்டியில். சீனி செறிவாகச் சேர்ந்த பாணியில் கிருமி வளர நீர் கிடைக்காது. பாணியைத் தண்ணீர் விட்டு இளக்கிய நாளோடு அந்தக் காவல் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றபோது, குளிரில் வைக்கச் சொல்லி நாங்கள் கொடுத்த போத்தல்களை நினைத்துத் தூங்காத இரவுகள் எனக்கு உண்டு. இன்னொன்று, சேர்க்கும் திரவத்தின் தரம். 1937இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்கோல் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்த ஒரு சல்பா மருந்து நூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. கொன்றது சல்பா அல்ல, அதைக் கரைத்த திரவம். அந்த நச்சு கிளிசரினிலும் கலந்து வரக்கூடும் என்பதால், கிளிசரின் எங்கிருந்து வந்தது என்று கேட்காத கடையில் பாணி செய்விக்க வேண்டாம்.

வெள்ளவத்தையில் அடிக்கடி காணும் இன்னொரு வழி, லண்டனிலிருந்து சித்தப்பா அனுப்பும் போத்தல். தொழிற்சாலையில் செய்தது, சுவையும் நன்று. ஆனால் அங்கே ஒரே மருந்து பல செறிவுகளில் வருகிறது: 5 மில்லிலீற்றரில் 5 மில்லிகிராம் கொண்டதும் உண்டு, 50 கொண்டதும் உண்டு. பழைய கணக்கை நினைத்து 1.2 மில்லிலீற்றர் கொடுத்தால் முதலாவதில் ஐந்தில் ஒரு பங்குதான் போகும், இரண்டாவதில் இரட்டிப்பாகும். போத்தல் வந்தால் முதலில் அதை மருந்தாளரிடம் காட்டி, புதிய அளவை எழுதி வாங்குங்கள்.

வீட்டில் நம்பகமான குளிர்சாதனப்பெட்டியும், தவறாமல் குலுக்கி அளக்கும் ஒரு கையும் இருந்தால், வளரும் பிள்ளைக்குப் பாணிதான் என் முதல் தெரிவு. வெட்டுவதையும் நீரில் கலக்குவதையும் இந்த மருந்துக்கு நான் ஏற்கமாட்டேன். அந்தத் தாயிடம் நான் முதலில் கேட்டதும் பிரிட்ஜ் பற்றித்தான். ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறோம், இல்லை என்றார். சரை மடித்துக் கொடுத்தேன், இறுக மூடும் டப்பாவோடு. சவர அலகைக் கடையிலேயே விட்டுப் போனார்.

சரை தீரத்தீர வந்து வாங்கிப் போனவர், ஆறு கிழமை கழித்துப் புதிய துண்டோடு வந்தார். பிள்ளை 6.5 கிலோ, துண்டில் வைத்தியர் 6.5 மில்லிகிராம் என்று மாற்றியிருந்தார். தராசைத் துடைத்து, 260 மில்லிகிராம் வீதம் நிறுக்கத் தொடங்கினேன்.