மந்தலி – லுக்லா விமானம்: 20 நிமிடப் பயணத்துக்கு எப்படித் திட்டமிடுவது

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு மார்ச்–மே, அக்டோபர்–நவம்பர் சீசனில் போகிறவர்களுக்கு நடை தொடங்கும் மலையூரான லுக்லாவுக்கு விமானம் பெரும்பாலும் காத்மாண்டுவில் கிடைக்காது. அங்கே ஓடுபாதை நெரிசல் என்பதால் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து விடுகிறார்கள். நேர்கோட்டில் சுமார் 74 கி.மீ., வானில் 15 முதல் 20 நிமிடம். காத்மாண்டுவிலிருந்து என்றால் 135 கி.மீ., அரை மணி நேரம். வானில் மிச்சமாகும் நேரத்தைப் போல் பல மடங்கு சாலையில் போய்விடும்.

காத்மாண்டு – மந்தலி சாலை ஏறக்குறைய 130 கி.மீ. நள்ளிரவு 1 மணிக்கு வண்டி ஏறினால் நான்கைந்து மணி நேரம் என்பது பழைய கணக்கு. 2024 செப்டம்பர் வெள்ளத்தில் இந்த வழியில் உள்ள பி.பி. நெடுஞ்சாலை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. மழை பெய்தால் இந்தக் கணக்கை நம்பவே கூடாது. முதல் நாளே மந்தலிக்குப் போய்த் தங்குவதுதான் எங்கள் பரிந்துரை. போனில் இந்திய நேரம் இருந்தால் மாற்றிவிடுங்கள். நேபாளம் 15 நிமிடம் முன்னே ஓடுகிறது.

டிக்கெட்டில் அச்சான நேரத்தைவிட நீங்கள் எத்தனையாவது சுற்று என்பதுதான் முக்கியம். ஒரே விமானம் காலையில் போய்வந்து போய்வந்து ஆட்களை ஏற்றுகிறது. லுக்லாவின் ஓடுபாதை 527 மீட்டர், சரிவு 11.7 சதவீதம். மேல் முனையில் மலை, கீழ் முனையில் பள்ளத்தாக்கு. அதனால் மேட்டை நோக்கி மட்டுமே இறங்க முடியும், இறக்கத்தில் மட்டுமே கிளம்ப முடியும். விமானி கண்ணால் பார்த்தே இறக்குகிறார். காலை ஏற ஏறப் பள்ளத்தாக்கில் மேகம் அடையும். கீழிருந்து மேலே வீசும் காற்றும் வலுக்கும். இறங்கும் விமானத்துக்கு அது பின்காற்று, இவ்வளவு குறுகிய பாதையில் ஆபத்து. நண்பகலுக்கு மேல் விமானத்தை எதிர்பார்க்க வேண்டாம். முதல் இரண்டு சுற்றுகளில் இடம் கேட்டு வாங்குங்கள்.

ரத்தானால் மறுநாள் முதல் ஆளாக ஏற்றுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த மறுநாளுக்கான டிக்கெட்காரர்கள் போன பிறகுதான் முந்தின நாள் தங்கியவர்களின் முறை வரும். இது புரியாமல்தான் கவுன்ட்டரில் தகராறு நடக்கிறது. ஊர் திரும்பும் சர்வதேச விமானத்துக்கு முன் இரண்டு நாள் காலியாக விடுங்கள். ஒரு நாள் போதாது.

சாமான் 15 கிலோ: பையில் 10, கையில் 5. ட்வின் ஆட்டர், டோர்னியர் 228 போன்ற சிறு விமானங்கள் 2,845 மீட்டர் உயரத்து மெல்லிய காற்றில் தூக்கும் எடைக்கு வரம்பு உண்டு. கூடுதல் எடைக்குப் பணம் கட்டினாலும் பை அடுத்த சுற்றில் வரலாம். மருந்து, குளிர்ச்சட்டை, பவர் பேங்க் ஆகியவை கையோடு இருக்கட்டும். பூட்ஸைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள். கேஸ் குப்பி ஏற்ற மாட்டார்கள், மேலே வாங்கிக்கொள்ளலாம்.

போகும்போது இடப்பக்க ஜன்னல், திரும்பும்போது வலப்பக்கம்; பனிமலைகள் வடக்கே இருக்கின்றன.

மந்தலியின் உயரம் 474 மீட்டர். இருபது நிமிடத்தில் 2,300 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். உடம்புக்கு அது தெரியும். லுக்லாவில் இரவு தங்காமல் அன்றே 2,610 மீட்டரில் உள்ள பாக்டிங் கிராமத்துக்கு நடந்து இறங்கித் தூங்குவது நல்லது. மூன்று நான்கு மணி நேர நடை. காலை 10 மணிக்குள் லுக்லாவில் இறங்கினால் வெளிச்சத்திலேயே போய்ச் சேரலாம்.