நோபிலியின் வழியா, அமெரிக்க மிஷனின் பந்தியா?

கிறிஸ்தவச் சபைக்குள் சாதியை என்ன செய்வது? மதுரை இதற்கு இரண்டு விடைகளைப் பார்த்திருக்கிறது.

1606-ல் வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, புலால் விட்டு, துறவியாக வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் ஊர் வழக்கம் என்று விட்டுவைத்தார். 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரியும் அதை அனுமதித்தார். மேல்சாதியாருக்குக் கிறிஸ்தவக் கோயில் வாசல் திறந்தது. கூடவே சாதியும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தது. 1640 வாக்கில் ஒடுக்கப்பட்டோரிடம் போக, பண்டாரசுவாமிகள் என்று தனிக் குருக்கள் வேண்டியிருந்தது.

1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் என்ற புராட்டஸ்டண்டு அமைப்பு நேர்மாறு. 1847-ல் சபையாருக்கு ஒரு சோதனை வைத்தது: எல்லாச் சாதியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மறுத்தவர்களுக்குச் சபையில் இடமில்லை.

பந்திதான் மேல். ஆனால் அது ஒருவேளைச் சோறு. இலையை எடுத்ததும் முடிந்தது. பெண் கொடுப்பதும் கல்லறைக் குழியும் அந்தச் சோதனைக்குள் வரவேயில்லை.

இன்று சமபந்தி போடும் பங்குகள் (ஊர்ச் சபைகள்) கரண்டி யார் கையில் என்று பார்க்கட்டும். சமைக்க ஒரு தெரு, அண்டா கழுவ இன்னொரு தெரு என்றால் அதற்குப் பெயர் வேறு. கல்லறைத் தோட்டத்தில் இறந்த வரிசைப்படி குழி ஒதுக்குங்கள். பங்குப் பேரவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் பங்குத்தந்தை மாறும்போது அதுவும் மாறிவிடும். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது: 1950-ன் பட்டியல் சாதிகள் ஆணைப்படி தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதியே இல்லை.