கோத்தகிரியில் ‘கல்லீரல் முன்கணிப்பு’ பேக்கேஜ்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

கோத்தகிரியில் ரத்தம் எடுத்துக் கோவை லேபுக்கு அனுப்பும் சேகரிப்பு மையம் ஒன்று ‘கல்லீரல் முன்கணிப்பு’ (ஈரல் நோய் இனி எப்படிப் போகும் என்று சொல்வது) என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ‘செல் இறப்பைக் காட்டும் மார்க்கர்கள்’ என்பது அதில் கொட்டை எழுத்து. உள்ளே இருப்பவை எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., எல்.டி.எச்., ஜி.ஜி.டி. என்ற நொதிகள், காமாலை நிறமியான பிலிருபின், ஈரல் செய்யும் புரதமான ஆல்புமின். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பி.டி.-ஐ.என்.ஆர்., சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணு மூன்றும் இல்லை. இதற்கு முன்கணிப்பு என்று பேர் வைக்கத் துணிச்சல் வேண்டும்.

ஈரல் செல் உடைந்தால் எஸ்.ஜி.பி.டி. ரத்தத்தில் ஏறும். அது இப்போது நடக்கும் சேதம். வேலை செய்ய எவ்வளவு ஈரல் மிச்சம் என்பது வேறு கணக்கு. ஈரல் வடுப்பிடித்துப்போகும் சிரோசிஸ் முற்றினால், சாவதற்குச் செல்லே குறைந்துபோய் எஸ்.ஜி.பி.டி. நார்மலாக நிற்கலாம். ஹெபடைடிஸ் ஏ வந்தால் ஆயிரத்தைத் தாண்டும். பெரும்பாலானோர் முழுசாகத் தேறிவிடுவார்கள். அதனால்தான் சிரோசிஸ் நோயாளிக்கு நோயின் கடுமையை மதிப்பிட டாக்டர்கள் பார்க்கும் மெல்ட் ஸ்கோரில் பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியேட்டினின் இருக்கின்றன, எஸ்.ஜி.பி.டி. இல்லை.

செல் இறப்பையே நேராக அளக்கும் சோதனை உண்டு: கெரட்டின்-18. ஈரல் செல்லின் உட்சட்டத்தில் இருக்கும் புரதம் இது. செல் தானாக முடித்துக்கொள்ளும்போது காஸ்பேஸ் நொதி வெட்டிய துண்டை எம்-30 என்ற சோதனை பிடிக்கும். வெட்டியது, வெட்டாதது இரண்டையும் சேர்த்து எம்-65 என்ற சோதனை அளக்கும். கடும் மது ஹெபடைடிஸில் எம்-65 மிக உயர்ந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் குடல், நுரையீரல் செல்களிலும் இந்தப் புரதம் உண்டு. பயன்பாடும் பெரும்பாலும் ஆராய்ச்சி மட்டத்தில்தான். இந்தப் பேக்கேஜில் அது கிடையாது. நோட்டீஸைப் பார்த்து அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

மையத்தின் வேலைக்கு வருவோம். மஞ்சள் மூடிக் குழாயை அரை மணி நேரம் உறையவிட்டு, இங்கேயே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அதன் பிறகே மேட்டுப்பாளையம் வழியாக இறக்குகிறார்கள். இதற்கு முழு மார்க். சுற்றாமல் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிப் போனால் சிவப்பணு உடைந்து எஸ்.ஜி.ஓ.டி.யும் எல்.டி.எச்.சும் பொய்யாக ஏறும், எஸ்.ஜி.பி.டி. அவ்வளவாக அசையாது. முதல்நாள் தேயிலை மூட்டை தூக்கியிருந்தாலும் தசையிலிருந்து எஸ்.ஜி.ஓ.டி. கூடும். பனிக்காலத்தில் விறைத்த கையோடு போனால் நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி எடுப்பார்கள், அதிலும் அணு உடையும். கையைச் சூடாக்கிக்கொண்டு போங்கள்.

குறை நீல மூடிக் குழாயில். பி.டி.க்குத் தனியாகக் காசு கட்டினால் எடுக்கிறார்கள். ஆனால் அந்தக் குழாயில் 2.7 மி.லி. ரத்தத்துக்கு, உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மி.லி. என்ற விகிதம். கோடு வரை நிரப்பாவிட்டால் சிட்ரேட் மிஞ்சி ஐ.என்.ஆர். கூடுதலாகக் காட்டும். அந்தக் குழாயையும் மற்றதோடு ஐஸ் பெட்டியில் போடுகிறார்கள். குளிரில், ரத்தம் உறைய உதவும் ஏழாம் காரணி தூண்டப்பட்டு பி.டி. குறைவாக வரலாம். ‘இது அறை வெப்பத்தில் போகட்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், செய்கிறார்கள்.

ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி.யையும் சேர்த்துக் கேளுங்கள். ஈரலில் வடு இருக்கிறதா என்று ஊகிக்கும் ஃபிப்-4 கணக்குக்கு அதிலுள்ள பிளேட்லெட் வேண்டும். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, பிளேட்லெட்டையும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுக்கணும். வயது 50, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 25, பிளேட்லெட் 2.5 லட்சம் என்றால் 1.6. (பிளேட்லெட்டை 2.5 அல்ல, ஆயிரக் கணக்கில் 250 என்று போடணும், இங்கேதான் பலரும் தடுக்கி விழுவது.) 1.3-க்குக் கீழ் என்றால் முற்றிய வடு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேல் என்றால் சந்தேகம். 65 தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2.0. அதே ஆளின் பிளேட்லெட் குழாயில் திரண்டு 1.2 லட்சமாகக் காட்டினால் 3.33 ஆகிவிடும், ஈரலில் ஒன்றும் மாறாமலே. அப்படி வந்தால் ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்கும் ஸ்மியரைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது சிட்ரேட் குழாயில் எடுத்து எண்ணிக்கையை 1.1-ஆல் பெருக்கச் சொல்லுங்கள்.

இப்படிப் பொய்யாக ஏறக்கூடிய எல்.டி.எச்.சைத் தனியாக நீக்கித் தரமாட்டார்கள். அதனால் பேக்கேஜை விட்டு எல்.எஃப்.டி. (வழக்கமான ஈரல் சோதனைத் தொகுப்பு), பி.டி.-ஐ.என்.ஆர்., கிரியேட்டினின், சி.பி.சி. என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். ஐப்பசி மழையில் மண் சரிந்து காட் ரோடு மூடிய நாளில் ரத்தம் கொடுக்க வேண்டாம். காமாலை, வயிறு வீக்கம், குழப்பம் இருந்தால் மையத்துக்குப் போகாமல் நேராக ஊட்டி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு.