போயிங் 737 மேக்ஸ் விமானம்: சிக்கனம் எங்கே, சிக்கல் எங்கே

பழைய 737-ஐவிட எரிபொருள் சுமார் 14 சதவீதம் மிச்சம். விமான நிறுவனங்கள் மேக்ஸை வாங்க இந்த ஒரு காரணமே போதும், அது உண்மையும்கூட. மிச்சத்தைத் தருவது லீப்-1பி எஞ்சின். முந்தைய எஞ்சினின் விசிறி விட்டம் 61 அங்குலம். இதனுடையது 69 அங்குலத்துக்கும் மேல். தரையை ஒட்டி நிற்கும் 737-இன் உடலமைப்போ 1960களுடையது. இறக்கைக்கு அடியில் இடம் போதாமல் எஞ்சினை முன்னே தள்ளி, மேலே ஏற்றிப் பொருத்தினார்கள். முன்சக்கரக் காலையும் 8 அங்குலம் நீட்டினார்கள்.

விளைவு, மூக்கு ஓரளவுக்கு மேல் நிமிர்ந்தால் எஞ்சினின் வெளி உறையும் சேர்ந்து அதை இன்னும் தூக்கும். அப்போது வால் இறக்கையைத் தானாகத் திருப்பி மூக்கை இறக்க எழுதப்பட்ட மென்பொருள்தான் எம்காஸ். யோசனையில் தவறில்லை, செய்த விதத்தில்தான். காற்று மோதும் கோணத்தை அளக்க மூக்கின் இருபுறமும் சென்சார் இருந்தும், எம்காஸ் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. வால் இறக்கையை அது ஒரு தடவைக்கு 0.6 டிகிரி திருப்பலாம் என்றிருந்ததை 2.5 டிகிரியாக உயர்த்தினார்கள். விமானி ட்ரிம் சுவிட்சால் (வால் இறக்கையைத் திருப்பும் பொத்தான்) சரிசெய்தாலும், ஐந்து விநாடி கழித்து மறுபடி மூக்கை அழுத்தும். இரு சென்சாரும் முரண்படுவதைச் சொல்லும் எச்சரிக்கையோ, தனிக் காசுக்கு விற்ற, அந்தக் கோணத்தைக் காட்டும் மானியை வாங்கிய விமானங்களில் மட்டுமே வேலை செய்தது.

கையேட்டில் எம்காஸ் பற்றி விமானிகளுக்கு ஒரு விளக்கமும் இல்லை. காரணம் பணம். அமெரிக்க விமான நிறுவனம் சவுத்வெஸ்டுடன் போட்ட ஒப்பந்தப்படி, சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமானால் போயிங் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் விலையைக் குறைக்க வேண்டும். அதனால் பழைய 737 விமானிகள் கணினிப் பாடத்தை முடித்து அப்படியே மேக்ஸில் ஏறினார்கள். ஒரு சென்சாரின் தவறான அளவை நம்பி எம்காஸ் மூக்கை அழுத்த, இரண்டு விமானங்கள் விழுந்தன. 2018 அக்டோபர் 29-இல் லயன் ஏர், 189 உயிர்கள். 2019 மார்ச் 10-இல் எத்தியோப்பியன், 157 உயிர்கள். விமானிகள் மேல் பழி போடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: எத்தியோப்பியன் விமானிகள் வால் இறக்கையின் மோட்டாரைத் துண்டிக்கும் கட்-அவுட் சுவிட்சுகளை அணைத்துவிட்டார்கள். ஆனால் அந்த வேகத்தில் வால் இறக்கையின் மேல் இருந்த காற்றழுத்தத்தால் அதைத் திருப்பும் ட்ரிம் சக்கரத்தைக் கையால் சுற்ற முடியவில்லை.

இன்றைய மேக்ஸ் இரு சென்சாரையும் ஒப்பிடுகிறது. 5.5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் எம்காஸ் விலகிக்கொள்ளும். வேலை செய்தாலும் ஒரே தடவைதான். விமானியின் கைப்பிடி இழுப்பை அது மிஞ்ச முடியாது. சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயம். திருப்தியான திருத்தம். ஆனால் இதற்குப் புதிதாக ஒரு சென்சார்கூடத் தேவைப்படவில்லை. முதல் நாளிலிருந்தே விமானத்தில் இருந்த இரண்டாவதைக் கேட்டிருந்தால் போதும். மன்னிக்க முடியாதது அதுதான்.

வடிவமைப்பு தேறியது, தொழிற்சாலை தேறவில்லை. 737-9-இல் (மேக்ஸ் 9) தேவைப்படாத அவசர வழியை மூட ஓர் அடைப்புக் கதவு உண்டு. அது 12 தாங்கிகளில் பதிந்து நிற்கும். மேலே நழுவாமல் பிடிப்பவை நான்கு போல்ட்டுகள். போயிங்கின் ரென்டன் ஆலையில் ரிவெட் பழுதுபார்க்க அதைத் திறந்தார்கள், திறந்ததைப் பதிவேட்டில் எழுதவில்லை. எழுதாத வேலையை யார் சோதிப்பது? நான்கு போல்ட்டும் திரும்ப மாட்டப்படவில்லை. கதவு பறப்புக்குப் பறப்பு மெல்ல மேலேறி, 2024 ஜனவரி 5-இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து சுமார் 14,800 அடியில் பிய்த்துக்கொண்டு போனது. ஓட்டையை ஒட்டிய இருக்கையில் யாரும் இல்லை. விமானம் இன்னும் ஏறிக்கொண்டிருந்ததால் பெல்ட் விளக்கும் அணைந்திருக்கவில்லை.

ஏறலாமா என்றால், ஏறலாம். டிக்கெட்டில் 7எம்8, 7எம்9 என்றிருந்தால் மேக்ஸ். 737-களில் ரம்பப் பல் போன்ற எஞ்சின் பின்விளிம்பும் அடையாளம். பெல்ட் விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். வாங்கும் நிறுவனங்கள், விமானம் கைக்கு வரும் நாளில் பார்ப்பதோடு நிறுத்தாமல், உள்பலகைகள் மூடப்படும் முன்பே தங்கள் சொந்தப் பரிசோதகரை ஆலையில் நிறுத்த வேண்டும். பலகை மூடிவிட்டால் போல்ட் இருக்கிறதா இல்லையா என்று எவர் கண்ணுக்கும் தெரியாது.